அத்தைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவருக்கு வங்கியில் வேலை, நான் பள்ளி ஆசிரியை. பெண்ணுக்கு 12 வயது, பையனுக்கு 9. மெல்போர்னில் இருக்கும் கணவரின் கல்லூரி நண்பர் பத்து வருடமாகக் கூப்பிடுகிறார். இந்த அரையாண்டு விடுமுறையோடு கொஞ்சம் லீவும் சேர்த்து 16 நாள் போய்வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். டிக்கெட் இன்னும் போடவில்லை. பிள்ளைகள் கங்காரு, கோலா என்று இப்போதே குதிக்கிறார்கள். என் கவலை வேறு. 16 நாளும் நண்பர் வீட்டில்தான் தங்க வேண்டும், ஹோட்டல் என்றால் அவர் கோபித்துக்கொள்வார் என்கிறார் கணவர். நண்பரின் மனைவி போனில் ‘வாங்க வாங்க’ என்கிறார், ஆனால் குரலில் ஒரு இழுப்பு தெரிகிறது. நாங்கள் பாரமாகிவிடுவோமா? என்ன வாங்கிக்கொண்டு போகலாம்? எங்களோடு இருக்கும் மாமியார் (72 வயது) வரவில்லை. அங்கே குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமே. போன மாதம் கரடி வந்து பின்கதவைப் பிறாண்டிவிட்டுப் போனது. அத்தைக்கு இதெல்லாம் பழக்கம். சின்ன வயதில் தைலம் காய்ச்சும் கொட்டகைக்கு இலை சுமந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், தைரியசாலி. நண்பர் மனைவி விஷயத்தில் நான் எப்படி நடந்துகொள்வது?

– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: நண்பரின் மனைவி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதற்கு அதிக நேரம் ஆகாது. ஒருவர் வீட்டில் 16 நாள் தங்கினால் அதற்குப் பெயர் குடித்தனம். அங்கே பாத்திரம் தேய்க்க ஆள் வராது. அந்தப் பெண்ணும் வேலைக்குப் போய் வந்துதான் உங்கள் நாலு பேருக்கும் தோசை வார்க்க வேண்டும். இழுக்காமல் என்ன செய்யும் குரல்? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். விமானம் ஏறிப் போகிறீர்களே என்று ஐந்து நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நாளுக்குச் சமையலறையோடு ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுங்கள். ஒருநாள் அவர்களை அங்கே சாப்பிடக் கூப்பிடுங்கள். கோபம் வந்தால் அந்த நண்பருக்கு வரட்டும், அவர் மனைவிக்கு வராது.

கையில் டீத்தூளும் ஊட்டி வர்க்கியும் போதும். பாக்கெட் பிரிக்காமல் கொண்டு போங்கள். விமானத்தில் தரும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறது என்று மறைக்காமல் குறித்துவிடுங்கள், சொல்லாமல் மாட்டினால் அபராதம் பெரிது. கறிவேப்பிலை, விதை, வீட்டு ஊறுகாய் எதுவும் வேண்டாம். ஷூவில் தேயிலைத் தோட்டத்து மண் ஒட்டியிருந்தால்கூடக் கேள்வி கேட்பார்கள். கழுவி எடுத்துப் போங்கள்.

சரி. இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன்.

‘அங்கே குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.’ இந்த வரியை நாலு தடவை படித்தேன் அம்மணி. நானும் குன்னூர்க்காரிதான். டிசம்பரில் கோத்தகிரி எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கம்பளிக்கு மேல் கம்பளி போட்டும் கால் விரல் மரத்துப் போகும். நீங்கள் போகிற ஊரில் டிசம்பர் என்ன மாதம் தெரியுமா? கோடை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ். பள்ளியில் பாடம் நடத்துகிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? மெல்போர்னில் கோடையில் சில நாள் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். உங்கள் பெட்டியில் என்ன எடுத்து வைக்கப் போகிறீர்கள், ஸ்வெட்டரா, தொப்பியும் பருத்திச் சட்டையுமா?

ஆக, பிறந்ததிலிருந்து மலைக் குளிரில் கிடக்கும் 72 வயதுப் பெண்மணியிடம், வெயில் அடிக்கிற ஊரைக் காட்டிக் குளிர் என்று யாரோ சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் சொன்னாரா, நீங்கள் சொன்னீர்களா, எனக்குத் தெரிய வேண்டாம். அவர் நம்பினாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம். நம்பாமல், ‘ஆமா, எனக்கு எதுக்கு அந்தக் குளிரு’ என்று உங்களுக்காக ஒத்துப் பாடியிருப்பார். பெரியவர்கள் அப்படித்தான்.

இந்த வரி எனக்கு வருவது முதல் தடவை இல்லை. அம்மாவுக்கு ஃபிளைட் ஒத்துக்காது, அப்பாவுக்கு அந்த ஊர்ச் சாப்பாடு இறங்காது, மாமியாருக்கு முட்டிவலி. எல்லாக் கடிதத்திலும் ஒத்துக்கொள்ளாதது பெரியவர்களின் உடம்புதான், ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு யாரும் இல்லை! நானும் யோக்கியம் இல்லை. எங்கள் அப்பாவிடம் விமானத்தில் காது அடைக்கும் என்று சொல்லிவிட்டு நாங்கள் நாலு பேர் இலங்கை போய்வந்தோம். திரும்பி வந்த அன்று வாசலில் நின்று அவர் கேட்டது ஒன்றுதான்: ‘காது அடைச்சுதா?’ 22 வருடம் ஆகிறது.

காசுதான் காரணம் என்றால் காசு என்றே சொல்லுங்கள். ஐந்தாவது டிக்கெட் சின்னத் தொகை இல்லை, எனக்கும் தெரியும். ‘அத்தை, நாலு பேருக்கே லோன் போட வேண்டியிருக்கு’ என்றால் அவருக்குப் புரியாதா? ஒரு சுமை இலைக்கு எத்தனை ரூபாய் என்று எண்ணி வாங்கியவர் அவர். உங்கள் இருவரையும்விட அவருக்குக் கணக்கு நன்றாக வரும்.

இலை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மலையெல்லாம் நிற்கிறதே கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், அது அந்த நாட்டுச் சரக்கு. தாஸ்மானியாவும், மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலமும்தான் அதற்குப் பிறந்த வீடு. சோலைகளை வெட்டித் தீர்த்த வெள்ளைக்காரர்களுக்கு அடுப்பெரிக்க விறகு வேண்டியிருந்தது, 1840களில் கொண்டுவந்து நட ஆரம்பித்தார்கள். அப்புறம் தைலம் வந்தது. கொட்டகையில் வேலை செய்த பெண்கள் பக்கத்தில் வந்தாலே தெரியும். தலைமுடி, முந்தானை, கொண்டுவந்த சோறு, எல்லாவற்றிலும் அந்த வாசம். உங்கள் அத்தை அதற்குள்ளேயே வருடக்கணக்கில் இருந்தவர். மெல்போர்னைத் தாண்டிக் காட்டுப்பாதையில் கார் கண்ணாடியை இறக்கினால் முதலில் முகத்தில் அடிக்கப் போவது அந்த வாசம்தான். உங்கள் வீட்டில் ஐந்து பேரில் அது என்ன வாசம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒருவரை நீங்கள் நாய்க்குக் காவல் வைத்துவிட்டுப் போகிறீர்கள்.

கோலா தின்பதும் அந்த மரத்துச் சாதி இலையைத்தான். மற்ற மிருகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது விஷம். கோலாவுக்கும் அது லேசில் செரிக்காது, அதனால்தான் ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் கிளையில் தூங்கி வழிகிறது. குட்டிக்கு இன்னும் கஷ்டம். பால் குடி மறக்கிற சமயத்தில் தாய் தன் குடலிலிருந்து ஒரு கூழை வெளியே விடும். குட்டி அதைத் தின்ற பிறகுதான், அதிலிருக்கும் நுண்ணுயிரிகள் வயிற்றில் குடியேறி, இலை செரிக்கத் தொடங்கும். பூங்காவில் இதைச் சொல்லும்போது உங்கள் பிள்ளைகள் ‘ச்சீ’ என்பார்கள். நீங்கள் அந்த நேரம் உங்கள் கணவரின் முகத்தைப் பாருங்கள். அவர் பட்டமும் வங்கி வேலையும் எந்த இலையிலிருந்து வந்தது?

இப்போது கரடி. கோலாவை ஆங்கிலத்தில் செல்லமாகக் கரடி என்பார்கள், அது கரடிக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. நிஜக் கரடி உங்கள் பின்கதவில் நிற்கிறது. அதை நீங்கள் ‘பழக்கம்’ என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டீர்கள்! கரடிக்கு யாரும் பழக முடியாது. கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர். கோயில் விளக்கு, சத்துணவுக் கூடம், டீக்கடை என்று நம் பக்கத்தில் அது உடைக்காத கதவு இல்லை. சாயங்காலம் விளக்கேற்றும் உங்கள் அத்தையின் கையிலும் எண்ணெய் வாசம் இருக்கும். விடியலில் வாசல் தெளிக்கக் கதவைத் திறப்பார். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்கும் காட்டெருமை பாறை மாதிரித்தான் தெரியும், மூச்சு விட்டால்தான் உயிருள்ளது என்று புரியும். நாய் குரைத்துக் காப்பாற்றுமா? சிறுத்தை நம் பக்கம் வருவதே நாய்க்குத்தான். நாயைக் காக்க அத்தை, அத்தையைக் காக்க நாய். நல்ல ஏற்பாடு!

அது மட்டுமா? கோத்தகிரிக்குப் பெரிய மழையே வடகிழக்குப் பருவத்தில்தான். டிசம்பரிலும் அது முழுசாக விட்டிருக்காது. 2009 நவம்பரில் மலை சரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி ஒரு ராத்திரியில் கரண்டும் போய், போன் டவரும் போய்விட்டால், மெல்போர்னில் உட்கார்ந்து எத்தனை தடவை போன் போட்டு என்ன?

அவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று நான் சட்டம் போடவில்லை. கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே வெயில், இத்தனை மணி நேரம் விமானம், நடுவில் இறங்கி மாற வேண்டும், செலவு இவ்வளவு. உங்கள் கணவர் கேட்கட்டும், நீங்கள் கேட்டால் மருமகள் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்றோ, மரியாதைக்குக் கூப்பிடுகிறாள் என்றோ ஆகிவிடும். அவர் வருகிறேன் என்றால் பாஸ்போர்ட்டுக்கு நேரம் இருக்கிறது. விசாவுக்கு 75 வயதைத் தாண்டியவர்களிடம்தான் பொதுவாக மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், அவருக்கு 72. மூன்று வருடம் கழித்துக் கேட்டால் இதுவும் ஒரு சாக்காகிவிடும். நண்பர் வீட்டில் தங்குவதை ஐந்து நாளாகக் குறைக்க இன்னொரு காரணமும் கிடைக்கும். பிலிப் தீவில் பெங்குவின் பார்க்கப் போகிற ராத்திரிக்கு மட்டும் அவருக்குச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் இருட்ட ஒன்பது மணியாகும், அதுவரை கடற்காற்றில் உட்கார வேண்டும். ஒரு ஜாண் இரண்டு ஜாண் உயரத்தில் கரையேறி வரும் அந்தக் குட்டிப் பெங்குவின்கள்கூட, குஞ்சு சின்னதாக இருக்கும்போது ஒன்று கடலுக்குப் போனால் இன்னொன்று வளையில் இருக்கும், மறுநாள் மாற்றிக்கொள்ளும். எந்நாளும் ஒரே ஆளைக் காவலுக்கு உட்கார வைப்பதில்லை.

அவர் வரவில்லை என்று தன் வாயால் சொன்னால் அதுவும் சரி. அப்போது ராத்திரித் துணைக்குச் சொந்தத்தில் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், அல்லது அவரை மகள் வீட்டிலோ தங்கை வீட்டிலோ விட்டுவிட்டு வீட்டைப் பூட்டுங்கள். நாயைப் பக்கத்து வீட்டில் கட்டுங்கள். பூட்டிய வீட்டில் எது போனாலும் வாங்கிக்கொள்ளலாம்.

டிக்கெட் அதற்கு அப்புறம் போடுங்கள். யார் போனாலும் யார் இருந்தாலும், பின்கதவுக்கு இந்த வாரமே இரும்புத் தாழ்ப்பாள் போட ஆள் கூப்பிடுங்கள். அடுப்படிப் பின்னால் எண்ணெய் டின் இருந்தால் இன்று ராத்திரியே உள்ளே எடுத்து வையுங்கள்.