தரையில் சொட்டு இல்லை, டேங்கில் கூலன்ட்டும் இல்லை

கேள்வி: என் பெட்ரோல் கார் 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சுமார் 1,000 கி.மீ.க்கு ஒரு முறை கூலன்ட் டேங்கில் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டிக்குக் கீழே ஈரமே இல்லை. டெம்பரேச்சர் முள்ளும் நடுவிலேயே நிற்கிறது. "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும்" என்கிறார் மெக்கானிக். பிரிக்கச் சொல்லலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹெட் கேஸ்கெட்டாக, அதாவது இன்ஜினின் தலைப்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடாக, இருக்கவும் கூடும். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.

தரை காய்ந்திருப்பதால் ஒழுகவில்லை என்று நினைக்காதீர்கள். இன்ஜின் சூடேறியதும் உள்ளே கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் ஏறுகிறது. அப்போது மெல்லிய விரிசல் வழியே கசியும் துளி, சுடச்சுட இருக்கும் உலோகத்தில் பட்டதுமே ஆவியாகிவிடும். அது தரைக்கு வந்து சேராது. ஆனால் தடம் விட்டுத்தான் போகும்: வெள்ளையாகவோ, உங்கள் கூலன்ட்டின் நிறத்திலோ பொருக்குத் தட்டியிருக்கும். இன்ஜின் ஆறியபின் டார்ச் அடித்து அதைத் தேடுங்கள்.

தேடுவதற்கு முன் அளவைச் சரியாகப் பாருங்கள். சூட்டில் கூலன்ட் விரியும். ஒரு நாள் சூடாக இருக்கும்போதும் மறுநாள் ஆறியபின்பும் பார்த்தால் கணக்கு உதைக்கும். தினமும் காலையில், ஒரே சமதளத்தில், டேங்கில் டேப் ஒட்டிக் குறித்துப் பாருங்கள். அண்மையில் கூலன்ட்டை வடித்து மாற்றியிருந்தால், உள்ளே தங்கிய காற்று வெளியேறும்போது மட்டம் ஓரிரு முறை இறங்கும். அது கசிவல்ல. மாதக்கணக்கில் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் என்றால் கசிவேதான்.

அடுத்தது கூலன்ட் டேங்கின் மூடி. யாரும் சந்தேகப்படாத பொருள் இது. நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அதன் ரப்பர் இறுகிவிட்டாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, குறித்த அழுத்தம் வருவதற்கு முன்பே திறந்து நீராவியை வெளியே விட்டுவிடும். டேங்கின் கழுத்தைச் சுற்றிக் கறை இருந்தால் மூடியை மாற்றிவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். பழைய மூடியில் எந்த அழுத்த எண் அச்சிட்டிருக்கிறதோ அதே எண்ணுள்ளதாக வாங்குங்கள். அதிக எண்ணுள்ளது "இன்னும் உறுதி" என்று போட்டால், அடுத்து ஹோஸ் வெடிக்கலாம்.

மூடி மாற்றியும் குறைகிறதா? பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். ஆறிய இன்ஜினில், மூடி இருக்குமிடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் உள்ள எண் வரை மட்டும் காற்றடிப்பார்கள். 15, 20 நிமிடம் அளவி முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் எங்கே ஈரம் கசிகிறது என்று பார்க்கலாம்; சூடில்லாததால் துளி ஆவியாகாது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, ஹோஸ் முனைகள், தெர்மோஸ்டாட் கூடு ஆகியவற்றைப் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்த வழியே வெளியே வரட்டும் என்று வேண்டுமென்றே விட்ட துளை அது. அங்கே கறை ஓடியிருந்தால் பம்பின் ஆயுள் முடிகிறது. பம்பை டைமிங் பெல்ட் சுழற்றும் வண்டியானால் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். இரண்டு முறை பிரிக்கும் கூலி மிச்சம்.

காருக்குள்ளேயும் பாருங்கள். முன்சீட்டின் கீழ்க் கார்ப்பெட் ஈரமாகி, இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியில் எண்ணெய்ப்பிசுக்குப் போலப் படிந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர்) ஒழுகுகிறது. ஏசி தண்ணீரும் கார்ப்பெட்டை நனைக்கும். ஆனால் அதில் பிசுபிசுப்பும் வாடையும் இருக்காது.

பிரஷர் டெஸ்டில் முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால்தான் உங்கள் மெக்கானிக் சொன்னதற்கு வருவேன். அப்போதும் நேரே பிரிக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியே சிறு கேமராவை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற பிஸ்டன்கள் கரி பிடித்திருக்க, ஒன்று மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் அங்கேதான் கூலன்ட் எரிகிறது. இன்னொரு சோதனை, டேங்கிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுப்பது. எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். வண்டி சும்மா நிற்கும்போது சிறு கசிவு சிக்காமல் போகலாம். மேடேறி ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற நுரையைக் கண்டதும் பயப்படாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் தங்கியும் அது வரும். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால்போல் இருந்தால்தான் கவலை.

கசிவடைக்கும் பொடியோ திரவமோ ஊற்ற வேண்டாம் என்பது என் கருத்து. ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடக்கூடும். கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் உண்டு. கார் கையேட்டில் சொன்ன வகையை, பெரும்பாலும் பாதிக்குப் பாதி, டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும். பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் அவற்றைக் கொல்லும்.

டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்பதை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். பல கார்களில் வெப்பம் ஓரளவு ஏறினாலும் முள் அசையாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். கூலன்ட் இறங்கி சென்சார் காற்றில் நின்றால் அது சொல்வதே பொய்யாகவும் இருக்கலாம். அதனால் பழுது தெரியும்வரை தினமும் காலையில் மட்டம் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். ஓடும்போது ஹீட்டரில் திடீரெனக் குளிர்ந்த காற்று வந்தாலோ முள் ஏறினாலோ ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். தொட்டுப் பார்த்து நன்றாக ஆறியபிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.