ஒரு கட்டத்தில் தோற்றவர் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாதா?

மனிதரின் உளவளர்ச்சியைப் பிறப்பு முதல் முதுமை வரை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த உளவியலாளர் எரிக்சனின் கோட்பாட்டில், ஒரு கட்டத்தில் தவறியவருக்கு அடுத்தது வாய்க்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். பி.எட். மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை எடுப்பவன் என்ற முறையில், இந்த ஐயத்துக்குக் காரணமே நாங்கள் கரும்பலகையில் போடும் அட்டவணைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். முதல் கட்டத்துக்கு ஒரு பக்கம் நம்பிக்கை, மறுபக்கம் அவநம்பிக்கை என்று எழுதி நடுவே கோடு கிழித்துவிட்டால், பார்ப்பவருக்கு அது தேர்ச்சியும் தோல்வியுமாகத்தான் தெரியும்.

எரிக் எரிக்சன் 1950இல் இக்கோட்பாட்டை நூலாக வெளியிட்டபோது பேசியது தேர்ச்சியைப் பற்றியன்று, இரண்டுக்கும் இடையிலான விகிதத்தைப் பற்றி. பசித்து அழும் குழந்தைக்குத் தாய் வருவாள் என்ற உறுதி மேலோங்கியிருந்தால் போதும். அவநம்பிக்கை துளியும் இல்லாத குழந்தை, தெருவில் யார் கூப்பிட்டாலும் பின்னால் போய்விடும். ஒரு பருவத்தில் குறைபட்டது பின்னொரு பருவத்தில் ஈடுசெய்யப்படலாம். ஈட்டியதும் பின்னர் ஆட்டம் காணலாம். நான் யார் என்று பதின்பருவத்தில் எழும் குழப்பத்தைக் குறிக்கும் 'அடையாள நெருக்கடி' என்ற சொல்லைப் பரப்பியவரே தம்மைப் பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை அறியாதவர். மாற்றாந்தந்தையின் பெயரான ஹோம்பர்கரைச் சுமந்து வளர்ந்து, 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது, ஏறக்குறைய 37 வயதில், எரிக்சன் என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொண்டவர். பதின்பருவத்துக்குரியது என்று அவர் வகுத்த வேலை அவருக்கே அந்த வயதில் முடிந்திருக்கவில்லை.

எனக்கு இந்தக் கோட்பாடு புரிந்தது வகுப்பறையில் அன்று, வீட்டுத் திண்ணையில். என் தந்தை நூற்பாலையொன்றில் பிட்டராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் செய்தித்தாளை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தார். சாப்பாட்டில் உப்பில்லை என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் மாணவன் வெர்னியர் காலிப்பரில் அளவு பார்க்கத் தெரியவில்லை என்று வந்து நின்றான். தந்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த தம் காலிப்பரை எடுத்து, "முதல்ல பூச்சியத்தைப் பாரு தம்பி, அப்புறம் எந்தக் கோடும் எந்தக் கோடும் நேரா நிக்குதுன்னு பாரு" என்று 0.02 மில்லிமீட்டர் கணக்கைச் சொல்லத் தொடங்கினார். அன்று இரவு உணவில் உப்பைப் பற்றிய பேச்சு வரவில்லை. அடுத்த வாரம் மூன்று பையன்கள் வந்தார்கள்.

ஏழாம் கட்டமாக எரிக்சன் சொன்ன ஆக்கமும் தேக்கமும் இதுதான்: நடுவயதுக்காரர் தமக்குப் பின்வருவோரை வளர்ப்பதில் ஈடுபடாவிட்டால் தமக்குள்ளேயே தேங்கிப்போகிறார். எரிக்சன் 1962இல் ஒரு கருத்தரங்குக்காக அகமதாபாத் வந்தபோது, 1918ஆம் ஆண்டின் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் காந்தியோடு நின்றவர்கள் சிலர் அங்கே இருப்பதை அறிந்து, அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 35 சதவீத ஊதிய உயர்வுக்காக உண்ணாநோன்பு இருந்த 48 வயதுக் காந்தியை நடுவயதின் ஆக்கத்துக்குச் சான்றாக அவர் பார்த்தார். என் தந்தைக்கு அது சற்றுத் தாமதமாக, 60இல் வாய்த்தது. ஆகவே வயது எல்லைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெண்களின் வாழ்வு இந்த வரிசைக்குள் அடங்குவதில்லை என்று உளவியலாளர் கரோல் கில்லிகன் எழுப்பிய மறுப்பும் நியாயமானதே.

எரிக்சன் 1994இல், 91 வயதில் மறைந்தார். அதன்பின் அவருடைய மனைவி ஜோன் 1997இல் ஒன்பதாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தார். எண்பது, தொண்ணூறு வயதில் உடல் கைவிடும்போது, பழைய எட்டுச் சிக்கல்களும் தலைகீழாகத் திரும்பி வருகின்றன என்றும், அவற்றில் அவநம்பிக்கையே முந்திக்கொள்கிறது என்றும் அவர் எழுதினார். என் தந்தைக்கு இப்போது 84. குளியலறைக்குப் போகும் வழியில் நான் கை நீட்டினால் விலக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடப்பார். சென்ற மாதம்தான் முதன்முறையாகச் சுவரை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார்.