ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

அன்புள்ள அம்மா,

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலராக இருக்கிறேன். கோயிலுக்குப் புதுக் கோபுரம் கட்டக் கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. ஆராதனை அறிவிப்பில்தான் எங்களுக்கே தெரியும். காணிக்கை திரட்ட, அசன விருந்துக்குக் காய் வெட்ட நாங்கள் வேண்டும். யோசனை கேட்க மட்டும் வேண்டாம். வேதபாடம் வாசிப்பதுகூட கமிட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான். சபைப் போதகரான ஐயரிடம் சொல்லலாம், ஆனால் கமிட்டிக்காரர்களே கூப்பிட்டுக் கேட்க வேண்டாமா? கமிட்டித் தேர்தலில் நிற்கச் சொல்லிச் சிலர் வந்தார்கள். அந்த முகங்களோடு உட்கார மனமில்லை. கோபுரமே வேண்டாம் என்றா சொன்னேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போதெல்லாம் ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்கு முன்பே எழுந்து வந்துவிடுகிறேன், அது போகட்டும். அடுத்த அசனத்துக்கும் எங்களைத்தான் தேடி வருவார்கள். நான் என்ன செய்ய?

- ஒரு சகோதரி

அன்புச் சகோதரி,

‘அது போகட்டும்’ என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு அதை விட மனம் வரவில்லை. கமிட்டியின் அதிகாரம் கோபுரத்தோடு சரி. திருவிருந்தில் உங்கள் இடத்தை அவர்கள் தரவும் இல்லை, பறிக்கவும் இல்லை. நீங்களாகத்தான் எழுந்து வந்திருக்கிறீர்கள். அவர்கள்மேல் உள்ள கோபத்துக்கு நீங்கள் பட்டினி கிடக்கிறீர்கள்.

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆதிச் சபையிலும் அது இருந்தது. கிரேக்கம் பேசிய விதவைகளைப் அன்றாட உணவுப் பந்தியில் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்ததை வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சபையை நடத்திய அப்போஸ்தலர் பன்னிருவரும் தாங்களே முடிவெடுத்து அறிவிக்கவில்லை. சபையாரைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஆனால் அந்த மனக்குறை அவர்கள் காதுக்குப் போயிற்று. உங்களுடையது ஐயர் காதுக்குக்கூடப் போகவில்லை. கூப்பிடட்டும் என்று காத்திருப்பதில் காயம் பாதி, கௌரவம் பாதி. தேர்தலில் நிற்கச் சொன்னவர்களும் சபையார்தானே? அது அழைப்பாக ஏன் படவில்லை? 2013-ல் நந்தியாலில் ஒரு பெண்ணைப் பேராயராக்கிய திருச்சபை இது. உங்கள் சேகரக் கமிட்டியில் ஒரு பெண் உட்காருவது பெரிய புதுமை இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் சபையில் கமிட்டிக்கு ஓட்டுப் போடுவதும் நிற்பதும் திருவிருந்து எடுக்கும் அங்கத்தினரின் உரிமை. பந்தியை விட்டு எழுகிறவர், கேட்கும் உரிமையையும் விட்டு எழுகிறார்.

கோபுரத்தின் செலவையும் திட்டத்தையும் சபைக் கூட்டத்தில் வைக்கும்படி சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுங்கள். அதற்கு முன்பு, எழுந்து போவதை நிறுத்துங்கள். இத்தனை கோபத்தோடு திருவிருந்து எப்படி எடுப்பது என்று தோன்றினால், முதலில் அதையே ஐயரிடம் சொல்லுங்கள். கோபுரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.