இஸ்திரிப் பெட்டிக் கரியும் நிலக்கரியும் ஒன்றா?

தாராவியில் இஸ்திரிப் பெட்டிக்குள் போடும் கரியும் அனல்மின் நிலையத்தில் எரிக்கும் நிலக்கரியும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இரண்டும் வேறு.

பெட்டியில் போடுவது மரக்கரி. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, காற்று அதிகம் போகாமல் மூட்டம் போட்டு எடுப்பார்கள். எங்கள் தெருமுனை இஸ்திரிக்கார அண்ணன் ஒரு துண்டை உடைத்துக் காட்டினார். உள்ளே மரத்தின் வளையம் அப்படியே தெரிந்தது. நன்றாகக் கனன்றால் புகை வராது, அதனால்தான் துணிக்குத் தோது.

நிலக்கரி என்பது பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் புதைந்து இறுகிய தாவரம். நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம்தான். தூரம் கொண்டுபோனால் கட்டாது, அதனால் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மின்நிலையம். நம் மும்பை டிராம்பே மின்நிலையத்தில் எரிவது அதைவிட முதிர்ந்த கரி.

ஜார்க்கண்டின் ஜாரியாவில் கிடைக்கும் வகைதான் எனக்கு வியப்பு. அதைக் காற்றில்லாமல் 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் கோக் என்ற கெட்டிக் கரி கிடைக்கும். எஃகு ஆலையின் ஊதுலையில் அது வெறும் எரிபொருள் இல்லை; இரும்புத் தாதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பதும் அதுதான். மேலே கொட்டும் தாதின் எடையைத் தாங்கி நொறுங்காமலும் நிற்க வேண்டும். எல்லா நிலக்கரியும் இதற்கு ஆகாது. ஆந்த்ரசைட் என்ற நிலக்கரி வகை இன்னும் கடினமானது, நம் நாட்டில் கொஞ்சம்தான்.

அப்புறம், புகையில்லை என்பதற்காக மழைக்காலத்தில் கதவைச் சாத்திய அறைக்குள் கரிப்பெட்டியை வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.