நவீன உருவப்பட எச்சிங்கில் கோடுகளையும் டெக்ஸ்சரையும் எப்படி ரசிப்பது? எனக்குக் கிறுக்கலாகத்தான் தெரிகிறது.

'கிறுக்கல்' என்ற அந்தச் சொல்லுக்காகவே பதில் எழுத உட்கார்ந்தேன்.

அநேகமாகக் கைபேசித் திரையில் பார்த்திருப்பீர்கள். யார் சாயல் என்று முகத்தைத் தேடியிருப்பீர்கள். முகத்தைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு கோட்டைப் பிடித்து அது முடியும் இடம்வரை போங்கள். எச்சிங் என்பது உலோகத் தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பி, தாளில் அழுத்திப் பிரதி எடுக்கும் அச்சுக்கலை. இதில் ஊசி கீறுவது தகட்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சை மட்டும்தான். செம்பிலோ துத்தநாகத்திலோ பள்ளம் தோண்டுவது அமிலம். அதனால் கோடு ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடி, மழுங்கிய முனையோடு நிற்கும். உளியால் செதுக்கிய கோடு நடுவில் பருத்து நுனியில் கூராகும். அமிலமே இல்லாத டிரைபாயிண்ட் முறையில் ஊசி உலோகத்தையே கிழிக்கிறது. ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் கோட்டின் விளிம்பு வெல்வெட் போல மெத்தென்று இருக்கும். அச்சு உருளையில் அந்தப் பிசிறு சீக்கிரம் நசுங்கிவிடும். அதனால் பிந்திய பிரதியில் முகபாவமே மாறிவிடுவதுண்டு.

அடுத்தது கருமை. எச்சிங்கில் கையழுத்தத்தைவிட அமிலத்தில் ஊறும் நேரம்தான் அதைத் தீர்மானிக்கிறது. மெல்லிய கோடுகள் போதுமான அளவு அரித்ததும் அவற்றை வார்னிஷால் மூடிவிட்டு, மற்றவற்றை மறுபடி அமிலத்தில் விடுவார்கள். நைட்ரிக் அமிலத்தில் எழும் குமிழிகளை இறகால் தள்ளாவிட்டால் விளிம்பு கரடுமுரடாகும். கோடுகள் மிக நெருங்கிவிட்டால் இடையிலுள்ள பூச்சு பெயர்ந்து, அந்த இடமே ஆழமற்ற குழியாகிவிடும். குழியின் ஓரத்தில் மட்டும் மை தங்கும், நடு வெளிறும். பூச்சின் நுண்துளைகள் வழியே அமிலம் புகுந்தால் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். அதையே தோலின் சொரசொரப்பாக விட்டுவைப்பவர்களும் உண்டு.

பிரெஞ்சு ஓவியர் ழாக் வில்லோன் 1920-இல் எச்சிங்கில் செய்த, கவிஞர் போத்லேரின் உருவப்படத்தைப் பாருங்கள். தம்பி ரேமோன் துஷாம்-வில்லோன் வடித்த சிலைத்தலையை வைத்துச் செய்தது. முகம் சின்னச் சின்னத் தளங்களாக உடைகிறது. தளங்களை நிரப்புவது நேர்கோடுகள். கோட்டின் திசை திரும்பும் இடத்தில் எலும்பு திரும்புகிறது. கோடு இங்கே நிழலையும் தருகிறது, முகத்தின் அமைப்பையும் கட்டுகிறது. இதைக் கிறுக்கல் என்று எப்படிச் சொல்வது?

'உத்தி தெரிந்தால்தான் ரசிக்க முடியுமா?' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தெரியாமலும் ரசிக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் 'கிறுக்கல்' என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் அசல் பிரதியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கோட்டு மை தாள்மட்டத்துக்கு மேல் புடைத்து நிற்பது தெரியும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய தடமும் இருக்கும். சட்டம் போடுபவர்கள் அழகுக்காக இந்தத் தடத்தை அட்டையால் மூடிவிடுகிறார்கள். இணையப் படங்களிலோ, துடைத்த பின் தகட்டில் தங்கும் மெல்லிய மைப்பூச்சைப் பின்னணி அழுக்கு என்று வெளுத்துவிடுகிறார்கள். இரண்டையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இதைவிட மோசம், ஆஃப்செட் நகல்களை, அதாவது படத்தைப் புள்ளிகளாக்கி இயந்திரத்தில் அச்சடித்தவற்றை, எச்சிங் என்று விற்பது. அழுந்திய தடத்தைக்கூடப் போலியாகப் போட்டுவிடுவார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள்: வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது நகல்.