பாழ் கிடக்கும் தோட்டமும் காண்ட்ராக்டரும்: வாசகர் கேள்வி-பதில்

ஆடி பிறக்கும் முன்பே கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கதைதான். அப்பாவோ தாத்தாவோ இருந்தவரை தோட்டமாக இருந்த இடம்; இன்று கொல்லைக் கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது; ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டும். இருபது வருஷமாக எனக்கு இதுதான் தொழில். காசையும் வாங்கிக்கொண்டு மண்ணையும் கெடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து நிறைய வருத்தப்பட்டிருக்கிறேன். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

வீட்டின் பின்னால் 5 சென்ட் இடம். அப்பா போன பிறகு ஆறு வருஷமாக யாரும் தொடவில்லை. ஜேசிபி விட்டு ஒரே நாளில் சமப்படுத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
— வாசகி, கும்பகோணம்

அவசரப்படாதீர்கள். ஆறு வருஷம் இலை விழுந்து மக்கிய மேல்மண் உங்களிடம் இருக்கிறது. அரை அடிகூட இருக்காது, ஆனால் அப்படி ஒரு மண் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஜேசிபி புரட்டினால் அது அடியில் போய்விடும். வீடு கட்டியபோது புதைத்த செங்கல் துண்டும் காரையும் மேலே வரும். அதில் எதை நட்டாலும் இலை மஞ்சளடித்து நிற்கும். கோரை இருந்தால் இன்னும் மோசம். ஒரு மூலையில் கிடந்த கிழங்கையெல்லாம் இயந்திரம் பிய்த்து இடம் முழுக்க இறைத்துவிடும். ஒவ்வொரு துண்டும் முளைக்கும்.

முதலில் இரண்டு ஆட்களை அரிவாளோடு விடுங்கள். கொடியை மட்டும் அறுக்கட்டும். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் இப்படி அறுத்துக்கொண்டே போனபோது உள்ளே ஒரு நார்த்தை நின்றது. கோவைக்கொடி மூடி ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது. மறு பக்கம் ஏழு காய். அந்த வீட்டு அம்மா ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எங்க மாமியார் வெச்சது" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. ஜேசிபிக்கு அது பத்து நிமிஷ வேலையாகப் போயிருக்கும்.

கொடி நீங்கியதும் எது எங்கே இருக்கிறது என்று சுண்ணாம்பால் குறி போடுங்கள். காப்பாற்ற வேண்டிய மரம், செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர்க் குழாய், மண்ணுக்கடியில் போகும் கரண்ட் வயர். சீமைக்கருவேலம் இருந்தால் மட்டும் அந்த இடத்துக்கு ஜேசிபியைக் கூப்பிடுங்கள். அதை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், வேரோடு பிடுங்கத்தான் வேண்டும்.

பாம்பு இருக்கும் என்று சொல்லி ஆட்கள் வேலைக்கு வர மறுக்கிறார்கள். கொளுத்திவிடலாமா?
— வாசகர், செய்யாறு

கொளுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து, மண்ணுக்கும் கேடு. உங்கள் ஆட்கள் பயப்படுவதும் நியாயம்தான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நான்கும் நம் ஊர்களில் மனிதர்கள் இருக்கும் இடத்தை ஒட்டியே வாழ்பவை. 1978-ல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுத்துத் தருவதும் இந்த நான்கிலிருந்துதான். கண்ணாடிவிரியன் ஆள் வரும் சத்தம் கேட்டும் சருகுக்குள் அசையாமல் கிடக்கும். அதுதான் பிரச்சினை.

வீட்டுச் சுவரை ஒட்டி வெட்ட ஆரம்பித்து, ஒரே பக்கமாக வெளியே நகர்ந்து போகச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது தப்பிப் போக ஒரு வழி திறந்திருக்கும். நாலு பக்கமும் சுற்றி வெட்டினால் அது நடுவில் மாட்டிக்கொள்ளும். முழங்கால் உயர கம் பூட்ஸ், நீளக் கம்பு, பகல் வெளிச்சம், இந்த மூன்றும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். பூட்ஸ் நீங்களே வாங்கிக் கொடுங்கள். பாம்பைப் பார்த்தால் அடிக்க வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. ஆளை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

1,200 சதுர அடித் தோட்டத்துக்கு இரண்டு கோட்டேஷன் வந்திருக்கிறது. ஒருவர் மொத்தமாக 1,40,000 ரூபாய் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார். இன்னொருவர் பிரித்துப் பிரித்து 1,90,000 போட்டிருக்கிறார். எது நியாயம்?
— வாசகர், திருச்சி

தொகையை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே வரிக் கோட்டேஷனில் என்ன வாங்குகிறீர்கள் என்றே உங்களுக்குத் தெரியாது. அவரையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

முதலில் செம்மண். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. 300 சதுர அடி இடத்தில் 4 அங்குலம் பரப்பினால் சரியாக ஒரு யூனிட் ஆகும். அப்படியென்றால் உங்கள் இடம் முழுக்கப் பரப்பினாலும் 4 யூனிட் போதும். இரண்டாமவர் 10 யூனிட் எழுதியிருந்தால் எதற்கு என்று கேளுங்கள். பள்ளம் இருந்தால் காரணம் இருக்கலாம். டிப்பர் வரும்போது வீட்டில் ஒருவர் நின்று மண்ணை அள்ளிப் பார்க்க வேண்டும். கட்டட இடிபாடு கலந்திருந்தால் இறக்கவே விடாதீர்கள்.

அப்புறம் செடிகள். "50 செடிகள்" என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன செடி, எந்த அளவுப் பை என்று இருக்க வேண்டும். நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு என் சொந்த வீட்டுக்கு ஒருவரை அமர்த்தினேன். வேலை முடிந்த அன்று எல்லாச் செடியிலும் பூ. பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரத்தில் வரிசையாக வாடின. ஒன்றை இழுத்துப் பார்த்தால் நர்சரியின் கறுப்புப் பாலித்தீன் பையோடு அப்படியே புதைத்திருந்தார்கள். வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து செத்திருந்தது. அன்று முதல் எல்லோருக்கும் ஒன்றே சொல்கிறேன். அட்வான்ஸ் 30 சதவீதம், மண்ணும் குழாயும் முடிந்ததும் 40, நட்டு முடித்ததும் 20, மூன்று மாதம் கழித்து எத்தனை செடி உயிரோடு இருக்கிறது என்று எண்ணிவிட்டுக் கடைசி 10. நல்ல காண்ட்ராக்டர் இதற்குத் தயங்க மாட்டார்.

கொரியன் புல் வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான். கோடையில் எங்கள் போர்வெல் இரண்டு மாதம் வற்றிவிடும்.
— வாசகி, மதுரை

வற்றும் என்று தெரிந்தபின் பெரிய புல்வெளி வேண்டாம். 1,000 சதுர அடிக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றாலே 460 லிட்டருக்கு மேல் ஆகிறது. மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருந்தால் அதில் பாதி. மகனுக்காக, வெயில் நன்றாக விழும் இடத்தில் 100 சதுர அடி மட்டும் போடுங்கள். அடர்ந்த மர நிழலில் கொரியன் புல் சரியாக வராது. மீதி இடத்துக்குப் பொடுதலையைக் கேட்டுப் பாருங்கள். வரப்பில் தானாகப் படரும் அதே பொடுதலைதான். தரையோடு பாய் விரித்ததுபோல் வளரும், மிதித்தாலும் தாங்கும், சின்னச் சின்ன வெள்ளைப் பூவுக்குப் பட்டாம்பூச்சி வரும்.

முழு இடத்துக்கும் பேவர் பிளாக் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்கிறார் மேஸ்திரி.
— வாசகர், சென்னை வேளச்சேரி

வேளச்சேரியில் இருந்துகொண்டு இந்த யோசனையை ஏற்காதீர்கள். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 சதுர அடியில் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. மண் இருந்தால் கொஞ்சமாவது குடிக்கும். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய உறைக்கிணறு உங்கள் புதருக்குள்ளும் இருக்கக்கூடும். அதைத் தேடி எடுத்து, ஐப்பசி மழைக்குள் தூர்வாருங்கள். நடக்க ஒரு பாதைக்கு மட்டும் கல் போதும்.

கோரைக்குக் களைக்கொல்லி அடித்துவிடுகிறேன் என்கிறார் தோட்டக்காரர்.
— வாசகி, ஈரோடு

எது என்று பெயரைக் கேளுங்கள். கிளைபோசேட் என்றால், பூச்சிக் கட்டுப்பாட்டு ஆபரேட்டர்கள் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. கிழங்கோடு தோண்டி வெயிலில் காயப்போடுவதுதான் வழி. மூன்று நான்கு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

சுத்தம் செய்ய வந்தவர் கொல்லையில் தானாக முளைத்த சந்தன மரத்தைப் பார்த்துவிட்டு, "கூலியே வேண்டாம், மரத்தை மட்டும் எடுத்துக்கிறேன்" என்கிறார்.
— வாசகர், தருமபுரி

கொடுக்காதீர்கள். உங்கள் நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் சந்தனத்தை வெட்டக் கூடாது. வழக்கு உங்கள் மேல் வரும். இப்படிக் கேட்டவரை வேறு எந்த வேலைக்கும் வைக்க வேண்டாம். இன்னொன்று, சந்தனம் பக்கத்து மரங்களின் வேரிலிருந்தும் உறிஞ்சித்தான் வளரும். அதை ஒட்டி நிற்கும் மரங்களையும் தொடாமல் விடுங்கள்.

அபுதாபியில் இருக்கிறேன். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், 71 வயது. காண்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிசைன் பிரமாதமாக இருக்கிறது: சின்ன நீரூற்று, வெள்ளைக் கூழாங்கல், பனை வகைகள். பணம் அனுப்பிவிடட்டுமா?
— வாசகர், காரைக்குடி

அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினீர்களா? அங்கே தினமும் நடமாடப் போவது அவர்தான். கூழாங்கல்லில் அந்த வயதில் கால் பிசகும். நீரூற்றின் மோட்டார் நின்றால் கொசு முட்டையிடும். இறங்கிச் சுத்தம் செய்ய அவரால் முடியாது.

காண்ட்ராக்டரை நேரில் வரச் சொல்லி, அம்மாவோடு ஒரு மணி நேரம் கொல்லையில் நடக்கச் சொல்லுங்கள். காலையில் எங்கே உட்காருவார், பூஜைக்கு எந்தப் பூ, துணி எங்கே காயும், எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லட்டும். குனியாமல் கீரை பறிக்க இடுப்பு உயரத்தில் ஒரு தொட்டி, பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கைப்பிடி, சொரசொரப்பான பாதை, பின்கதவை ஒட்டி ஒரு குழாய். இதற்கு அந்த நீரூற்றின் செலவே போதும் என்று நினைக்கிறேன். துவைகல் கிடந்தால் அதை எடுக்கலாமா என்று அம்மாவைக் கேட்காமல் யாரும் தொட வேண்டாம்.