நான்கு நாள் பண்ணை வீட்டில்: எங்கே போகலாம், எவ்வளவு நடக்கலாம்?

கேள்வி: அடுத்த மாதம் ஒரு கிராமத்துப் பண்ணை வீட்டில் நான்கு நாள் தங்கப் போகிறோம். 6, 10 வயதில் இரண்டு பிள்ளைகள், 68 வயதில் அப்பா. பக்கத்திலேயே குன்றும் ஓடையும் உண்டு. அருவிக்கு 40 கி.மீ. போகவேண்டும். எப்படித் திட்டமிடுவது?

பதில்: அருவியை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவிடுங்கள். வந்து இறங்கியதுமே பிள்ளைகளை மறுபடி காரில் ஏற்றினால் சிணுங்கத்தான் செய்வார்கள். முதல் நாள் வீட்டைச் சுற்றி நடந்தாலே போதும்.

குன்றுக்குத்தான் கணக்கு வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உச்சிக்கு 3 கி.மீ., ஏற்றம் 300 மீட்டர் என்று வையுங்கள். ஏற 66 நிமிடம், இறங்க 36. ஆனால் இது நிற்காமல் நடக்கும் திடமான ஆளுக்கு. ஆறு வயதுப் பிள்ளை ஒவ்வொரு பூச்சிக்கும் நிற்கும். நிற்கட்டும், அதற்குத்தானே போகிறீர்கள்! ஆகவே இரட்டிப்பாக்குங்கள்: சுமார் மூன்றரை மணி நேரம். காலை ஏழுக்குக் கிளம்பினால், உச்சி வராவிட்டாலும் ஒன்பதரைக்கு இறங்கத் தொடங்கிவிடுங்கள். அப்பாவுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். கைத்தடி ஒன்று இருக்கட்டும். பாதி வழியில் அவர் உட்கார்ந்துவிட்டால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்கவேண்டும்.

ஓடையில் எனக்குப் பயம் ஆழமல்ல, மேலே பெய்யும் மழை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே, மேலிருந்து வெள்ளம் வரலாம். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். இடி கேட்டாலும் அப்படியே, வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடவேண்டும், மரத்தடி கூடாது. கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் பொறுத்தே வெளியே வரலாம்.

வரைபடத்தை முந்தின இரவே போனில் இறக்கி வையுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று பண்ணை வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். திரும்பியதையும் மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டார்ச்சோடு தேடக் கிளம்பிவிடுவார்கள்.

நான்காம் நாளுக்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அநேகமாக மறுபடி ஓடைக்கே போகக் கேட்பார்கள்.